காலி இடம்னு ஒண்ணு கிடையாதுங்க

குர்காவ்ன் பக்கம் குடியேறின நம்ம ஆளுங்க வீட்டுல இப்பல்லாம் ஏர்கன் சகஜமாயிடுச்சு. (2016-ல பேரை குருகிராம்னு மாத்திட்டாங்க, ஆனா நமக்கு எப்பவும் குர்காவ்ன் தான்.) 2024-ல பாரீஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினதுல இருந்து இன்னும் ஜாஸ்தி. அந்தப் பொண்ணு இதோ பக்கத்துல இருக்குற ஜஜ்ஜர் மாவட்டம். பசங்க ஆசைப்படறதுல தப்பே இல்லை. துப்பாக்கின்னாலே பொல்லாததுன்னு சொல்ற கோஷ்டியும் நான் இல்லை. எனக்குக் கடுப்பு வர்றது அப்பாமாருங்க கேக்குற அடுத்த கேள்வியில: "சார், இங்க பக்கத்துல காலி இடம் ஏதாச்சும் இருக்கா? ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டுப் போய் சுட்டுட்டு வரலாம்னு..."

காலி இடமாம்! அய்யா, இந்த நாட்டுல காலி இடம்னு ஒண்ணு இருக்கா? இவங்க காலின்னு சொல்றது ஆரவல்லிக் குன்றை. காரை ஓரமா நிறுத்திட்டு ஏறினா ஆள் நடமாட்டம் இல்லாத மாதிரி தான் தெரியும். பத்து நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க. ஆட்டை ஓட்டிட்டு ஒரு பையன் வருவான். விறகு பொறுக்குற அம்மா புதருக்குள்ள இருந்து எழுந்து வருவாங்க. மயில் கத்தும். நீல்காய் ஓடும். சிறுத்தை கூட உண்டு. நம்ம கண்ணுக்கு அவங்க தெரியலைங்கறதுக்காக அது காலி இடம் ஆயிடாது, அவங்க இடம் அது. கொஞ்சம் தள்ளிப் போனா அசோலா பாட்டி சரணாலயம் வேற. 1972 வனவிலங்குச் சட்டத்துல மயில் முதல் அட்டவணை. அடிக்கிறது மட்டும் இல்லை, அடிக்க முயற்சி பண்றதும் அந்தச் சட்டத்துல வேட்டை தான்.

இன்னொரு சங்கதி. ஆரவல்லி முழுக்கக் கல்லு. கல்லுன்னா சாதாரணக் கல்லு இல்லை, குவார்ட்சைட். அதுல பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும்னு சுட்டவனுக்கே தெரியாது. பாறை மேல பீர் பாட்டிலை வரிசையா அடுக்கி வெச்சு பையனை நேர் எதிர்ல நிக்க வெக்கிறாங்களே, அவங்க கிட்ட என்னத்த சொல்ல? சரி, தண்ணி தானே, மெத்துனு வாங்கிக்கும்னு குளத்தைப் பார்த்து சுடுறவங்களும் இருக்காங்க. சாய்வாப் பட்டா தண்ணியும் திருப்பி அனுப்பும். சின்ன வயசுல ஓட்டாஞ்சல்லி விட்டு விளையாடின நமக்கு இது தெரியாதா?

"அட, வெறும் ஏர்கன் தானே சார், லைசென்ஸே வேண்டாமே"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். 2016 ஆயுத விதிகள்ல 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் வரைக்கும் லைசென்ஸ் கேக்கலை, வாஸ்தவம் தான். ஆனா லைசென்ஸ் வேண்டாம்னா ஆபத்தே இல்லைன்னு யாரு சொன்னா? மேல் நோக்கிச் சுட்டா அந்த ஈயக் குண்டு சில நூறு மீட்டர் போகும். ஒரு கண்ணு போறதுக்கு அதுல கால்வாசி வேகம் போதும். அடுத்தவன் உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி அஜாக்கிரதையா நடந்தா, பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவு இருக்கு. அது லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு வராது. மாடில நின்னு புறா அடிக்கிற வீரர்களுக்கு 1960 மிருகவதைச் சட்டம் தனியா காத்துட்டு இருக்கு.

இதுல படிச்சவங்க ஒருத்தர் சலீம் அலியை இழுத்துட்டு வருவார். அவரே சின்ன வயசுல ஏர்கன்ல குருவி அடிச்சுத் தானே பறவை ஆராய்ச்சிக்கு வந்தார்னு. ஆமா, வந்தார். 1896-ல பிறந்தவர். அது வேற காலம், வேற சட்டம். அடிச்ச குருவியை கையில எடுத்துட்டு இது என்ன ஜாதின்னு கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்து வாசப்படி ஏறினார். நம்ம வீட்டுப் பையன் செல்ஃபி எடுத்து வாட்ஸப்ல போடுவான். வித்தியாசம் இருக்குங்க. அருணாசலப் பிரதேசத்துல 2021-ல ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தலைமுறை தலைமுறையா வேட்டையாடின கிராமத்து ஜனங்க தானா முன்வந்து ஆயிரக்கணக்குல துப்பாக்கியைக் கொண்டாந்து கொடுத்தாங்க. வேட்டை அவங்களுக்கு வாழ்க்கை, அதையே விட்டாங்க. நமக்கு இது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு!

அப்ப எங்க தான் சுடறதுன்னு கேப்பீங்க. கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளுங்க. "அங்க யாரும் இல்லையே?"ன்னு பார்க்காதீங்க, "குறிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"ன்னு பாருங்க. பின்னாடி ஆள் உயரத்துக்கு மேல மண் கரை இருக்கணும், கல்லு இல்லாத மண்ணு. இல்லைன்னா மணல் மூட்டையை அடுக்கணும். நிலத்துக்காரர் சம்மதம் வேணும். "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்"ங்கறது சம்மதம் ஆகாது, போய்க் கேட்டு வாங்கணும். பக்கவாட்டுல ஒத்தையடிப் பாதை இருந்தா அந்த இடம் வேண்டாம். சுடுறவன் குறியைத் தான் பார்ப்பான், அதனால சுத்துமுத்தும் பார்க்கறதுக்குன்னே பெரியவங்க ஒருத்தர் நிக்கணும். கண்ணாடி எல்லாருக்கும், வேடிக்கை பார்க்குற தங்கச்சிக்கும் சேர்த்து. முடிஞ்சதும் குண்டைப் பொறுக்கிட்டு கையை சோப்புப் போட்டுக் கழுவணும். ஈயம்ங்க, அதே கையால புளியோதரை பொட்டலத்தைப் பிரிக்காதீங்க :-) லீவுக்கு ஊருக்குப் போறப்ப சொந்தத் தோட்டத்துல உயரமான கரை இருந்தா அங்க சுடலாம், ஆடு மாடு வீட்டுக்குப் போன பிறகு, இருட்டறதுக்கு முன்னாடி.

இதெல்லாம் முடியாதுன்னா ரேஞ்சுக்குத் தான் போகணும். துக்ளகாபாத்ல 1982 ஆசிய விளையாட்டுக்குக் கட்டின கர்னி சிங் ரேஞ்ச் இருக்கு. தனியார் ரேஞ்சும் இருக்கு. தூரம், டிராஃபிக், காசு எல்லாம் வாஸ்தவம். ஆனா அதுக்காக ஆட்டுக்காரப் பையன் கண்ணை அடமானம் வெக்க முடியாது.

அப்பாமாருங்களை மட்டும் திட்டிட்டுப் போனா அநியாயம். ஏர் ரைஃபிளுக்கு வேண்டிய தூரம் வெறும் 10 மீட்டர். ஒரு பேட்மின்டன் கோர்ட்டோட நீளமே 13.4 மீட்டர்! ஒவ்வொரு செக்டார் பார்க்குலயும் ஒரு மூலையில மூணு பக்கம் சுவர், உள்ள மணல் மேடு, மேல ஒரு கூரை, பூட்டுற கேட், வாரத்துல ரெண்டு நாள் ஒரு கோச். இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இதைக் கேட்டேன். மறுநாளே லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டினாங்க, ஏர்கன் கூடாதுன்னு. அவ்வளவு தான், பிரச்னை தீர்ந்துடுச்சாம். பசங்க இப்ப நோட்டீஸ் இல்லாத குன்றுக்குப் போறாங்க.

கடலூர்ல பிறந்து அகமதாபாத்ல வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் வாங்கினப்ப நம்ம தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் நம்ம பொண்ணு, நம்ம பொண்ணுன்னு கொண்டாடினோம். அந்தப் பொண்ணு காட்டுல பாட்டில் உடைச்சுப் பழகலை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்துல நான் அந்த 10 மீட்டர் கணக்கை மறுபடியும் கையில எடுத்துட்டுத் தான் போறேன். பொங்கல் விழா பட்ஜெட்டுக்கு மட்டும் கை தூக்குற நம்ம ஆளுங்க இதுக்கும் வந்து உக்காந்தா நல்லா இருக்கும்.