கனம் குறைந்தால் மட்டும் போதுமா?

மேடு பள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலியைப் போட்டால் அது ஆடுகிறது. மூன்று கால் முக்காலியைப் போட்டால் ஆடுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்லும். ஆகவே மூன்று கால்களும் எப்படிப்பட்ட தரையிலும் பதிந்து நின்றுவிடும். நில அளவைக் கருவி, காமிரா, தொலைநோக்கி ஆகியவற்றுக்கெல்லாம் மூன்று கால் தாங்கியை வைத்தது இதனால்தான்.

ஆனால் தரையில் பதிந்து நிற்பது வேறு. அதிராமல் நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, "எது மிகவும் இலேசு? எது மிகவும் சிறியதாக மடங்கும்?" என்று மட்டும் கேட்டு முக்காலி வாங்குவது தவறு என்பது என் கருத்து. அது ஏன் என்று பார்ப்போமா?

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்து மலைகளில் டால் ஆடு என்ற வெண்ணிறக் காட்டு ஆடு வாழ்கிறது. அங்கே உரிமம் பெற்று அதை வேட்டையாடலாம். ஆனால் பல பகுதிகளில் எல்லா ஆட்டையும் சுட முடியாது. கிடா ஆட்டின் கொம்பு பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும். அல்லது இரு கொம்புகளும் முறிந்திருக்க வேண்டும். அல்லது ஆட்டுக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதை எப்படி அறிவது? குளிர்காலத்தில் கொம்பின் வளர்ச்சி தடைப்படுவதால் ஆண்டுக்கு ஒரு வளையம் கொம்பில் பதிகிறது. அவற்றை எண்ண வேண்டும். அதுவும் சுடுவதற்கு முன்பே, தொலைவிலிருந்தே எண்ண வேண்டும்! தவறாக எண்ணிவிட்டு இளங்கிடாவைச் சுட்டால் அது குற்றம். இறந்த ஆடு திரும்பி வரப்போவதுமில்லை.

ஆகவே அந்த வேட்டைக்காரருக்குத் துப்பாக்கியைவிடத் தொலைநோக்கியே அதிக நேரம் வேலை செய்கிறது. மணிக்கணக்காக ஒரு சரிவில் உட்கார்ந்து எதிர்ச் சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். சார்லஸ் ஷெல்டன் என்பவர் வேட்டைக்காரராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தவர். 1906 முதல் 1908 வரை டெனாலி மலைப் பகுதியில் இந்த ஆடுகளைக் கூர்ந்து கவனித்தார். அந்த அனுபவமே அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று அவரைப் போராட வைத்தது. பூங்கா 1917-இல் உருவாயிற்று. பொறுமையாகப் பார்ப்பதன் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது சுமார் 44 சென்டிமீட்டர். வெறும் கண்ணுக்கு அங்கே கொம்பு என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது. 30 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் இந்த அளவு முப்பதில் ஒரு பங்காக, அதாவது ஒன்றரை சென்டிமீட்டராகக் குறையும். இப்போது கொம்பின் வளைவு தெரியும். வளையங்களும் தெரியத் தொடங்கும். வயது ஏற ஏற வளையங்கள் நெருக்கமாகிவிடுவதால், இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால்தான் எண்ணிக்கை உறுதிப்படும்.

ஆனால் தொலைநோக்கி ஆட்டை மட்டுமா பெரிதாக்குகிறது? தன் ஆட்டத்தையும் அதே முப்பது மடங்கு பெரிதாக்குகிறது! முக்காலியின் கால்கள் ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 0.17 மில்லிமீட்டர் உயர்ந்தால் தொலைநோக்கி ஒரு கலை சாய்ந்துவிடும். 0.17 மில்லிமீட்டர் என்பது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஏறத்தாழ இரண்டு தாள்களின் கனம்தான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்சி 30 கலை, அதாவது அரைப் பாகை நகரும். வானத்தில் முழு நிலவின் அகலமே அரைப் பாகைதான்! இப்படிக் குதிக்கும் காட்சியில் வளையங்களை எண்ணுவது எப்படி?

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். "உறுதியான முக்காலி நல்லதுதான். ஆனால் கூடாரம், உணவு, உடை எல்லாவற்றையும் முதுகில் சுமந்து பல நாள் மலை ஏறுகிறோம். திரும்பும்போது இறைச்சியையும் சுமக்க வேண்டும். அதைக் காட்டில் விட்டுவர அலாஸ்காச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கனமான முக்காலி கூடாரத்திலேயே கிடக்கும். கையில் இல்லாத முக்காலியால் என்ன பயன்?" என்பார்கள். இது நியாயமான வாதம். கனத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் குறைப்பது? விடை இயற்பியலில் இருக்கிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய இரும்பு அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நுனியில் ஒரு சிறிய எடையைத் தொங்கவிடுங்கள். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு 10 சென்டிமீட்டர் மட்டும் நீட்டி அதே எடையைத் தொங்கவிடுங்கள். நீளம் பாதியானதால் தாழ்வும் பாதியாகும் என்று எண்ணுவீர்கள். இல்லை! எட்டில் ஒரு பங்காகும். வளைவு நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதே இதன் பொருள்.

குழாய்க்கும் இதுபோல் ஒரு விதி உண்டு. சுவரின் தடிமனை மாற்றாமல் ஒரு மெல்லிய குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதன் கனம் ஏறத்தாழ இரு மடங்குதான் ஆகும். விறைப்போ ஏறத்தாழ எட்டு மடங்காகும். மூங்கில் உள்ளே வெறுமையாகவும் வெளியே பருமனாகவும் வளர்ந்து காற்றைத் தாங்குவதும், சைக்கிள் சட்டத்தைக் குழாயால் செய்வதும் இதனால்தான்.

இந்த இரு விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு கடையில் இருக்கும் முக்காலிகளைப் பாருங்கள். ஒன்று, நின்றுகொண்டு பார்க்கும் உயரம், 160 சென்டிமீட்டர் வரை நீளும் கால்கள் கொண்டது. சிறியதாக மடங்க வேண்டும் என்பதற்காகக் கால்களை ஐந்து துண்டுகளாக, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்திருக்கிறார்கள். மேல் துண்டு 28 மில்லிமீட்டர் விட்டம் என்றால், துண்டுக்கு 3 மில்லிமீட்டர் குறைந்து, அடித்துண்டு 16 மில்லிமீட்டர் குச்சியாகிவிடும். மூன்றே துண்டுகளாக இருந்தால் அடித்துண்டு 22 மில்லிமீட்டர் இருக்கும். விறைப்பு இரண்டரை மடங்கு கூடும். துண்டுகளை இறுக்கும் பூட்டுகளும் குறையும். அவை தளர்வதும் மண் புகுந்து கெடுவதும் குறையும்.

ஆனால் மூன்று துண்டுகளானால் மடித்த நீளம் கூடிவிடாதா? உயரத்தைக் குறைத்தால் கூடாது. மரமற்ற மலைச்சரிவில் பார்ப்பவர் உட்கார்ந்துதான் பார்க்கிறார். அவருக்கு ஒரு மீட்டர் நீளும் கால்களே போதும். கால் நீளம் 160-லிருந்து 100 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அதே பருமனுள்ள குழாயின் விறைப்பு நான்கு மடங்காகும். குழாயின் கனமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மடித்த நீளம் சுமார் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். கனமும் குறைந்தது, உறுதியும் கூடியது! உயரத்தில் கை வைக்காமல் பருமனில் கை வைத்தவருக்கு இந்த இலாபம் கிடைக்காது. ஆகவே கனத்தைக் குறைக்க விரும்புவோர் உயரத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பேன். புதர்க்காட்டில் நின்று பார்க்க வேண்டியவருக்கு மட்டும் இது பொருந்தாது.

நடுத்தண்டைப் பற்றியும் ஒரு சொல். உயரம் போதாதபோது அதைத் தூக்கிவிடுகிறார்கள். மூன்று கால் தாங்கிய கருவி அப்போது ஒற்றைக் காலில் நிற்கிறது. நடுத்தண்டு இல்லாத முக்காலி இலேசு. கால்களை நன்றாக அகட்டித் தாழ்வாகவும் வைக்கலாம்.

அலுமினியமா, கார்பன் இழையா என்ற கேள்வியும் எழும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். கார்பன் இழையைப் பிசினில் பதித்துச் செய்த குழாய்க்குச் சுமார் 1.6 கிராம்தான். அதிர்வும் அதில் விரைவில் அடங்கும். குளிரில் தொட்டால் கை சில்லிடாது. ஆனால் விலை அதிகம்; கூரிய பாறையில் பலமாக மோதினால் விரிசல் விடக்கூடும். பணம் இருப்பவர் கார்பன் இழையை வாங்கட்டும். பணம் இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. உயரமான, மெல்லிய கார்பன் முக்காலியைவிடக் குட்டையான, பருத்த அலுமினிய முக்காலி நன்றாக நிற்கும்.

முக்காலியின் தலையையும் மறக்கக் கூடாது. எதிர்ச் சரிவை மெல்ல மெல்லத் துழாவுவதற்குப் பாகுநிலை மிகுந்த மசகு அடைத்த தலை ஏற்றது. வேகமாகத் தள்ளினால் அதிகமாகத் தடுக்கும். மெதுவாகத் தள்ளினால் வழுவழுப்பாக நகரும். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; காற்று இரு மடங்கு வேகமானால் விசை நான்கு மடங்காகும். அப்போது பையை முக்காலியின் நடுவில் கட்டித் தொங்கவிடலாம். ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊசலாக ஆடி, தானே அதிர்வை உண்டாக்கும்.

கடையில் எடைச்சீட்டைப் படிப்பதோடு நின்றுவிடாமல், கருவியைப் பொருத்திக் கால்களைத் தேவையான அளவு நீட்டி, ஒரு காலை விரலால் தட்டிப் பாருங்கள். காட்சி எத்தனை நொடிகளில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். கிராமில் எழுதிய எடையைவிட இந்த நொடிக் கணக்கு அதிக உண்மையைச் சொல்லும்.

"நமக்கு எதற்கு இந்த வேட்டைப் பேச்சு?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டைக்கு இடமில்லை, அது நல்லதே. ஆனால் பார்க்கும் வேலை நமக்கும் உண்டு. நம் மாநில விலங்கான வரையாடும் செங்குத்தான பாறைகளில்தான் வாழ்கிறது. அதைக் காக்கத் தமிழக அரசு 2022-இல் ஒரு திட்டத்தையே தொடங்கியது. முதிர்ந்த கிடாவின் முதுகில் வெளிறிய திட்டு இருக்கும். தொலைவிலிருந்து அதைக் கண்டு, கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எண்ணுவதில்தான் கணக்கெடுப்பின் பயன் இருக்கிறது. ஆடும் காட்சியில் எடுத்த கணக்கு ஆடும் கணக்காகவே இருக்கும்.

அலாஸ்காவில் ஒரு வளையத்தைத் தவறாக எண்ணினால் ஓர் இளங்கிடாவின் உயிர் போகிறது. நம் மலைகளில் தவறாக எண்ணினால், குறைந்துவரும் ஓர் இனம் நலமாக இருப்பதாக ஏமாந்துபோகிறோம். முதுகுச் சுமையில் அரைக் கிலோ மிச்சம் பிடிப்பதற்காக இந்த விலையைக் கொடுக்கலாமா? அளவுகோல் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, உங்கள் பள்ளித் தொலைநோக்கியின் முக்காலியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிறகு நீங்களே முடிவு சொல்லுங்கள்.