பழமையும் சாம்பலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் இலக்கிய வட்டக் கூட்டத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியைக் கடக்கும் 'பேட்ஜர்' என்னும் நிலக்கரிக் கப்பலில் நான் பயணம் செய்ததைப் பற்றிச் சிறிது நேரம் பேசினேன். பேச்சைக் காட்டிலும் அதன் பின் எழுந்த வாதமே நீண்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கப்பல் தன் அடுப்புச் சாம்பலை ஏரியிலேயே கொட்டிவந்தது என்றும், அரசு தலையிட்டு அதை நிறுத்தியது நன்றே என்றும் நான் சொல்லப்போக, அவையில் முணுமுணுப்பு எழுந்தது. இரயில்வேயில் நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "இத்தனை ஆண்டு உழைத்த கப்பலிடம் போய் அடுப்புச் சாம்பலுக்குக் கணக்குக் கேட்பதா, தம்பி? பழமை என்றால் ஒரு சலுகை வேண்டாமா?" என்றார். கைதட்டல் அவருக்கே கிடைத்தது. அன்று நேரம் போதவில்லை; என் மறுமொழி இது.

கப்பலின் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். 'கார் ஃபெரி' என்றவுடன் மோட்டார் கார்களை ஏற்றும் படகு என்றே நாம் பொருள் கொள்கிறோம். அப்பெயரில் உள்ள 'கார்' முதலில் மோட்டார் காரைக் குறித்ததன்று. இரயில் பெட்டியைக் குறித்தது. சிகாகோவைச் சுற்றிச் செல்லும் இருப்புப் பாதையின் நெரிசலைத் தவிர்ப்பதற்காக, சரக்குப் பெட்டிகளைக் கப்பலுக்குள்ளேயே உருட்டி ஏற்றி, ஏரியின் மறுகரையில் மீண்டும் தண்டவாளத்தில் இறக்கிவிடும் முறை 1890களில் அங்கே தொடங்கிற்று. மிச்சிகன் மாநிலத்து லடிங்டனுக்கும் விஸ்கான்சின் மாநிலத்து மேனிடோவாக்கிற்கும் இடையே 1897 முதல் இத்தகைய கப்பல்கள் ஓடின. அந்த மரபின் கடைசிப் பிள்ளைகளுள் ஒன்று பேட்ஜர். 1952 செப்டம்பரில் ஸ்டர்ஜன் பே என்னும் ஊரில் நீரில் இறக்கப்பட்டு, 1953 மார்ச்சில் பணியைத் தொடங்கியது. 410 அடி நீளம். டீசல் எஞ்சின்கள் பரவிக்கொண்டிருந்த அக்காலத்திலும் அதற்கு நிலக்கரி அடுப்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. கப்பலைக் கட்டுவித்த செசபீக் அண்ட் ஒஹையோ இரயில்வேக்கு நிலக்கரி சுமப்பதே பெருந்தொழில். தன் வண்டியில் வரும் சரக்கைத் தன் கப்பலிலேயே எரித்தது; அவ்வளவுதான்.

எஞ்சின்கள் இரண்டு, ஸ்கின்னர் யூனாஃப்ளோ என்னும் வகை. இரண்டும் சேர்ந்து 7,000 குதிரைத்திறன். உருளையின் முனைகளில் நீராவி புகுந்து நடுப்பகுதி வழியாக வெளியேறும். வந்த வழியே திரும்பாமையால் உருளை வீணே குளிர்வதில்லை, வெப்பம் மிச்சமாகிறது. பழைய நீராவித் தொழில்நுட்பம் எட்டிய கடைசிச் சிகரங்களுள் இதுவும் ஒன்று என்பதால், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் 1996இல் இதனை வரலாற்றுச் சிறப்புடைய பொறியியல் சின்னமாக ஏற்றது. பெரியவரே, அந்தப் பெருமையில் நான் ஒரு குன்றிமணியும் குறைக்க வரவில்லை.

இரயில் சரக்கு வற்றிப்போய் 1990 நவம்பரில் கப்பல் நின்றது. அப்படியே துருப்பிடித்துப் போயிருக்கும். லடிங்டன் மண்ணைச் சேர்ந்த சார்லஸ் கான்ராட் என்னும் தொழிலதிபர் அதனை வாங்கி, பயணிகளையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றும் கப்பலாக மாற்றி, 1992இல் மீண்டும் ஓடவிட்டார். அதன் உடன்பிறப்பான 'ஸ்பார்ட்டன்' 1979இலேயே ஓய்வுபெற்று, இளையவளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைத் தன் உடலிலிருந்து கழற்றித் தரும் பணியைச் செய்துவந்தது.

நான் பயணம் செய்தது 2022 கோடையில். (நடுவண் அரசு எழுத்தனுக்கு விடுமுறைப் பயணச் சலுகை மிச்சிகன் வரை செல்லாது, அங்குள்ள தங்கை அழைத்ததால் போனேன்.) பயணிகள் தம் வண்டியைத் தாமே உள்ளே ஓட்டிச் செல்வதில்லை, கப்பல் ஊழியரே ஓட்டிச் சென்று அடுக்குகிறார்கள். புது வண்டியின் சாவியைக் கொடுக்கும்போது தங்கையின் கணவர் முகத்தில் தோன்றிய கலக்கத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஊதிற்று. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுந்து, அதன் வாடை மேல்தளத்தில் இறங்கியபோது, மீட்டர் கேஜ் வண்டியின் சன்னலோரம் அமர்ந்து, கண்ணில் கரித்தூள் விழுந்து, அம்மா முந்தானையை ஊதி ஒற்றியெடுத்த நினைவு வந்துவிட்டது. "அண்ணா, அழுகிறாயா?" என்று தங்கை கேட்டாள். கரித்தூள் என்றேன்.

கரை மறைந்த பின் இது ஏரி என்று நம்புவது கடினம். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட, ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. ஆழ்ந்த இடத்தில் 281 மீட்டர். ஆயினும் உப்பில்லை. எல்லாம் குடிநீர். ஏறத்தாழ அறுபது மைல் தொலைவைக் கடக்க நான்கு மணி நேரம் ஆகிறது. மேற்குக் கரையில் கடிகாரம் ஒரு மணி பின்தங்கி ஓடுவதால், மேனிடோவாக்கில் இறங்கும்போது நண்பகல் பன்னிரண்டுதான். இடையில் பிங்கோ ஆட்டம், ஓய்வு நாற்காலி, குழந்தைகளின் ஓட்டம். 10 என்னும் எண்ணுள்ள நெடுஞ்சாலை இக்கரையில் நின்று அக்கரையில் தொடர்கிறது. நடுவில் இக்கப்பலே சாலை.

இனிச் சாம்பலுக்கு வருவோம். நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பேட்ஜரின் அடுப்புகளில் மிஞ்சியது நீரில் கரைத்துக் குழம்பாக்கப்பட்டு, கப்பலின் பக்கவாட்டுக் குழாய் வழியே ஏரிக்குள் விடப்பட்டது. ஒரு பருவத்தில், அதாவது மே முதல் அக்டோபர் வரையிலான சில மாதங்களில், இவ்வாறு சென்றது 500 டன்னுக்கும் மேல். நிலக்கரிச் சாம்பலில் பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவை சிறு அளவிலேனும் உண்டு. எந்த ஏரியில்? எந்த ஏரியின் நீரைக் காப்பதற்காகச் சிகாகோ நகரம் கால்வாய் வெட்டி, தன் ஆற்றின் ஓட்டத்தையே 1900ஆம் ஆண்டில் திருப்பிவிட்டதோ, அந்த ஏரியில். ஏரியில் கலந்துகொண்டிருந்த சாக்கடை, குடிநீரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி ஒரு நகரம் ஆற்றைப் பின்னோக்கி ஓடச் செய்ததும் வரலாறே அன்றோ? வரலாற்றைப் போற்றுவோர் அதையும் சேர்த்துப் போற்றுதல் வேண்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒன்றும் ஓடோடி வந்து கழுத்தை நெரித்துவிடவில்லை. 2008இல் வகுத்த விதியில், 2012 டிசம்பர் வரை சாம்பலைக் கொட்ட அவகாசம் தந்தது. நான்கு ஆண்டு! நம் அலுவலகக் கோப்புகளின் நடையோடு ஒப்பிட்டாலும் அது தாராளமான கெடுவே. அந்தக் கெடுவுக்குள் மாற்று வழி காணப்படவில்லை. மாறாக, வேறொரு வாயிலைத் தட்டினர். அங்கேதான் என் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது.

2011இல், மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் சிலர், கடலோரக் காவற்படை தொடர்பான மசோதா ஒன்றில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தனர். தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்ட, அல்லது அதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட கப்பலுக்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளிப்பதே அதன் கருத்து. அதே காலத்தில் பேட்ஜருக்கு அச்சின்னத் தகுதி கோரும் முயற்சியும் நடந்தது. ஐயா, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு பொருளைப் போற்றிக் காப்பதற்காக ஏற்பட்ட பட்டத்தை, அப்பொருள் செய்யும் தீங்குக்குக் கவசமாக மாட்டப் பார்த்தார்கள். மரபைக் காக்கிறோம் என்றார்கள். காக்க முயன்றது சாம்பல் குழாயை. இல்லினாய் மாநிலத்துச் செனட்டர் டிக் டர்பின் கடுமையாக எதிர்த்தார். அத்திருத்தம் சட்டமாகவில்லை.

எதிர்த்தரப்பாரின் வாதங்களை நான் மறைக்கவில்லை. சாம்பல் மணல் போன்றதே, தீங்கற்றது என்றனர். அனல்மின் நிலையங்கள் வெளியிடுவதற்கு முன் இது எம்மாத்திரம் என்றனர். கப்பல் நின்றால் இரு சிற்றூர்களின் பிழைப்பு போய்விடும் என்றனர். முதல் வாதத்தை வேதியியலாரிடம் விட்டுவிடலாம். இரண்டாவது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் அடுத்த கூண்டைச் சுட்டிக் காட்டும் வாதம். மூன்றாவதை மட்டும் நான் மதிக்கிறேன். ஊழியருக்கு மாதச் சம்பளம் என்பது என்ன என்று என் போன்ற எழுத்தனுக்குத் தெரியாததன்று. கடை வைத்திருப்போர், விடுதி நடத்துவோர், கொதிகலனருகே வேர்வை சிந்துவோர் ஆகிய இவர்களின் அச்சம் பொய்யன்று. ஆனால், அவர்களுடைய பிழைப்பு சாம்பலைக் கொட்டுவதில் இருந்ததா, கப்பல் ஓடுவதில் இருந்ததா? இவ்விரண்டும் ஒன்றே என்று அவர்களை நம்பவைத்ததே பிழை.

இரண்டும் ஒன்றன்று என்பதைப் பின் நடந்தது காட்டிற்று. 2013இல் அரசுக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் நீதிமன்றத்தின் வழியே உடன்பாடு ஏற்பட்டது. 25,000 டாலர் தண்டம். 2014ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் ஒரு பிடி சாம்பலும் ஏரிக்குள் போகலாகாது. சாம்பலைக் கப்பலிலேயே சேர்த்துவைத்துக் கரையில் இறக்கும் அமைப்பும், எரிப்பைச் சீர்செய்து நிலக்கரிச் செலவைக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் பொருத்தப்பட்டன. 2015 முதல் பேட்ஜர் சாம்பல் கொட்டாமல் ஓடுகிறது. முடியாது, முடியாது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட வேலை முடிந்தது. எஞ்சின்கள் இரண்டும் அதே எஞ்சின்கள். சங்கொலியும் அதே சங்கொலி. 2016 சனவரியில் கப்பலுக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதி வழங்கப்பட்டது. கேடயமாகக் கேட்டபோது உதவாத பட்டம், கை கழுவி வந்தபின் கிடைத்தது. அந்த வரிசையைத்தான் நம் அவை கவனிக்க வேண்டும் என்கிறேன்.

பெரியவர் அன்று நீலகிரி மலை இரயிலையும் சாட்சிக்கு அழைத்தார். நல்ல சாட்சி, ஆனால் என் பக்கத்துச் சாட்சி. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான அப்பாதையில், நிலக்கரியை விட்டு எண்ணெயில் எரியும் எஞ்சின்களும் ஓடுகின்றன. நம் பொன்மலைப் பணிமனையிலேயே அவ்வகை எஞ்சின்கள் கட்டப்பட்டன. உலையில் எரிவது மாறியது என்று எவரும் குன்னூரில் வண்டியை விட்டு இறங்கிப் போய்விடவில்லை.

மறுமுனையில் நின்று, இத்தகைய கிழட்டுக் கப்பலைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால் தொல்லை தீருமே என்று அன்று சொன்ன இளைஞருக்கும் ஒரு சொல். தம்பி, 2023 சூலையில் லடிங்டன் துறையில் வண்டிகள் ஏறும் சாய்தளத்தின் எதிர் எடை அமைப்பு முறிந்து, அவ்வாண்டுப் பருவமே பாதியில் நின்றது. அப்போதே கைவிட்டிருக்கலாம். சரிசெய்து, 2024இல் மீண்டும் ஓட்டினார்கள். அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கும் எஞ்சினைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்ப்பது வேறு. நான்கு மணி நேரம் உள்ளங்காலில் அதன் துடிப்பை உணர்ந்து செல்வது வேறு. தங்கையின் மகன் காதை மரச்சுவரில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். அச்சிறுவனுக்குக் கிடைத்ததை உங்கள் காயலான் கடைக்காரர் எடை போட்டு விலை சொல்ல இயலாது.

புகை இன்னும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாம்பலைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியைப் புகையைப் பற்றியும் அந்நாட்டார் கேட்டே தீர்வார்கள், கேட்கவும் வேண்டும். 2020 முதல் கப்பலை நடத்திவரும் புதிய நிறுவனம் அதற்கு விடை தேடட்டும். விடை தேடாமல் மீண்டும் பட்டத்தைத் தூக்கிக் காட்டினால், மீண்டும் இதே பக்கத்தில் நின்று எழுதுவேன். பெரியவர் மட்டும், அடுத்த கூட்டத்தில் கைதட்டலைப் பங்கிட்டுக்கொள்ள இசைவாரானால், யூனாஃப்ளோ எஞ்சினைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும். என்னைவிட அவருக்கே அதில் அறிவு மிகுதி. முன்வரிசையில் அமர்ந்து கேட்க நான் காத்திருக்கிறேன்.