முதுமலைச் சுற்றுலாவில் மனிதனுக்கு இடமுண்டா?

விடுமுறை வந்துவிட்டால் பள்ளிக்கூட பஸ்கள் கூடலூர் வழியே முதுமலைக்கு ஓடுகின்றன. தெப்பக்காட்டில் பிள்ளைகளை வனத்துறை வேனில் ஏற்றி, மானும் காட்டெருமையும், அதிர்ஷ்டமிருந்தால் காட்டு யானையும் காட்டி, மாலையில் ஊட்டிக்கு அனுப்பி விடுகிறார்கள். இதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா! மானைப் பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் இந்தக் காட்டில் மனிதனே வாழ்ந்ததில்லை என்ற நினைப்போடு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

முதுமலை சரணாலயமானது 1940-ல். புலிகள் காப்பகமானது 2007-ல். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நமது ஸ்ரீமதுரைப் பக்கத்தில் பணியரும், காட்டுநாயக்கரும், முள்ளுக்குறும்பரும், வயநாடன் செட்டிமாரும் குடியிருந்தார்கள். யானை முகாமில் கவளம் ஊட்டுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஊட்டுகிற கை யாருடையது? வெள்ளைக்காரனுக்காக மரம் இழுத்த யானைகளைப் பழக்கியவர்கள் யார்? தெப்பக்காட்டில் எடுத்த படத்துக்கு 2023-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்த பிறகுதான் பொம்மன், பெள்ளி என்ற இரண்டு காட்டுநாயக்கரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது.

பணியரின் கதை இன்னும் கொடியது. மானந்தவாடியை அடுத்த வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், ஜன்மிகள் கொஞ்சம் காசும் துணியும் கொடுத்து அவர்களை ஆண்டு முழுமைக்கும் பிடித்துக்கொண்டு போனார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1976 ஆயிற்று. நிலமோ நிலம்பூர் கோவிலகத்துக்கு! ஜன்மம் ஒழிப்புச் சட்டம் 1969-ல் நிறைவேறியது. தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் கோர்ட் விசாரிக்கலாம் என்று 2007-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு, இந்தக் கூடலூர் நிலத் தாவாவிலிருந்து கிளம்பியதுதான். சட்டக் கல்லூரி மாணவன் அதை மனப்பாடம் செய்கிறான். அந்த நிலத்தைக் கடந்து போகும் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

ஊட்டிக்கு ஏறும் அதே பஸ் நடுவட்டத்தைத் தாண்டுகிறது. அங்கே கைதிகளை வைத்துச் சின்கோனா பயிரிட்டார்கள். சீனக் கைதிகளும் அவர்களில் உண்டு. பஸ் நிற்பதில்லை. 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகச் சர்க்கார் போட்ட தேயிலைத் தோட்டங்களோ, படம் பிடிக்கும் பச்சைப் பாயாக மட்டுமே தெரிகின்றன.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். குரூகர் வனப்பூங்காவுக்காக மகுலேகே மக்களை நிறவெறி ஆட்சி 1969-ல் துரத்தியது. 1998-ல் அவர்கள் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதைக் காடாகவே வைத்துக்கொண்டு, அங்கு நடக்கும் சுற்றுலாவிலும் பங்கு பெறுகிறார்கள். அங்கே சிங்கத்தையும் பார்க்கலாம், வரலாற்றையும் கேட்கலாம்.

இங்கே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் போதும். ஸ்ரீமதுரையின் பெரியவர்களும் படித்த பழங்குடி இளைஞர்களும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். அவர்களை ஆடச் சொல்லிப் போட்டோ எடுப்பதல்ல நாம் சொல்வது. வாத்தியார் வேலை, அதற்குரிய கூலி. பணம் எங்கே என்பார்கள். வேன் சவாரிக்குக் கட்டணம் வாங்குகிறார்கள் அல்லவா? அதில் ஒரு பங்கை ஒதுக்கிப் பஞ்சாயத்து மூலம் பட்டுவாடா செய்யட்டும்.