உறைகுளிர் மோகம்

மேனி முழுவதும் உறைகுளிரூட்டும் கிரையோதெரபியை 1978-இல் ஜப்பானிய வைத்தியர் யமவுச்சி கைக்கொண்டது வாதநோயாளர் பொருட்டேயாம். இக்காலத்திலோ, விளையாடிக் களைத்த வாலிபரும் பொருள் கொடுத்து, பூச்சியத்திற்குக் கீழ் 110 பாகைக் குளிரில் இரண்டு மூன்று நிமிஷம் நிற்கின்றனர். வெளிவந்ததும் கிளர்ச்சி தோன்றுமென்பதை யான் மறுக்கவில்லை. (குற்றாலத்தருவியில் நனைந்தோரும் அஃதறிவர், அதற்குக் கட்டணமில்லை!) தசைநோவு தீர்தற்கோ போதிய சான்றில்லையென்று 2015-இல் காக்ரேன் ஆய்வாளர் உரைத்தனர்; அவர்க்குக் கிடைத்த சோதனைகள் நான்கே, அவற்றுட்பட்டோர் 64 பேரே.

அவ்வாண்டே அமெரிக்க நெவாடா மாகாணத்தில் இத்தகைய நிலையமொன்றின் பணிப்பெண், வேலைநேரங் கழிந்தபின் தனியே குளிர்ப்பெட்டியுட் புகுந்து, பிராணவாயு குன்றி மாண்டாள். நைட்ரஜன் ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆதலின், தோழர்காள், செல்லத் துணிவீராயின் கட்டணத்தைப் பின்னர்க் கேண்மின். பெட்டியருகே இறுதிவரை நிற்பவர் யாரென்று முதலிற் கேண்மின்.