கனவைக் கொன்றது யார்?

"ஹைஸ்கூலில் கண்ட கனவையெல்லாம் உத்தியோகம் விழுங்கிவிட்டது" என்று பெருமூச்சு விடாத நடுத்தர வயதுக்காரரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமூச்சை நான் நம்பமாட்டேன்!

கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்திலேயே கணிதப் பித்துப் பிடித்த சீனிவாச ராமானுஜன், 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா. கணக்கை விட்டாரா? "அவர் மேதை ஐயா!" என்பீர்கள். மேதாவிலாசத்தை யார் கேட்டார்கள்? மாலையில் ஒரு மணி நேரத்தைத்தானே கேட்கிறேன்!

கனவைக் கொன்றது உத்தியோகமல்ல. காசு தராத காரியமெல்லாம் வீண் என்ற நமது எண்ணம். சித்திரம் எழுதிக்கொண்டிருந்த என் மகனிடம், "இது சோறு போடுமா?" என்று நானே கேட்டேன். அவன் நோட்டை மூடிவிட்டான். அந்தப் பழியை எந்த ஆபீஸின் தலையில் போடுவேன்?