எட்டு ஆட்டு ரோமத்துக்குப் பதினெட்டு விழுக்காடு

ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்ட முடிவுகள் 2025 செப்டம்பர் 22-இல் நடைமுறைக்கு வந்தன. வரிப்பட்டியலின் 63-ஆம் அத்தியாயத்தில் வரும் கம்பளி, போர்வை போன்ற முடித்த துணிப்பொருள்களுக்கு, ஓர் உருப்படி 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5 விழுக்காடு, தாண்டினால் 18. முன்பு 1,000 ரூபாய்க்கு மேலே 12 என்று இருந்தது. கத்தரித்த பச்சை ரோமத்துக்கு வரி இல்லை என்பதில் மாற்றமில்லை. 1,500 ரூபாய்க்குக் கம்பளி விற்பவருக்கு இது நன்மைதான், மறுக்கவில்லை.

அடி விழுவது சவப்போர்வைக்கு. இவ்விதழ் நெடுநாளாக வலியுறுத்திவரும் பொருள் அது என்பதால் நம் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

கணக்கு வாசகர்களுக்கே தெரியும். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 500 கிராம் கனம் என்று நெய்யாமல் இறுக்கும் ஃபெல்ட் துணி போட்டால் இரண்டரை கிலோ கழுவிய ரோமம் வேண்டும். நம் பக்கத்து ஆட்டில் ஒரு கத்தரிப்புக்கு அரை கிலோகூடத் தேறாது. கழுவினால் அதிலும் குறையும். ஆக, ஒரு போர்வைக்கு எட்டு ஆட்டு ரோமமாவது போகும். போடி அடிவாரத்துப் பட்டியில் கத்தரித்த ரோமத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஒட்டுவது செம்மண்ணும் பிசுக்கும். பிறகு விரலைக் குத்துவது நாயுருவி முள். அதைப் பிரித்தெடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, சிக்கெடுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டி இறுக்குவது முழுக்கக் கைவேலை. நியாயமான கூலி போட்டால் 2,500-க்குள் நிற்காது. நின்றால் யாரோ ஒருவர் கூலியை இழந்திருக்கிறார் என்று பொருள்.

இதே கூட்டத்தில் செயற்கை இழைக்கு 18 விழுக்காடு 5 ஆனது. செயற்கை நூலுக்கு 12 விழுக்காடு 5 ஆனது. மூலப்பொருளுக்கு வரி கூடுதலாகவும் முடித்த பொருளுக்குக் குறைவாகவும் இருந்த கோணலைச் சரிசெய்ததாக விளக்கம். ஏற்கலாம். ஆனால் இடுகாட்டில் அதன் விளைவு என்ன? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாலியஸ்டர் சாட்டின் 5-இல் நிற்கிறது; மண்ணோடு மண்ணாகும் ரோமம் 18-க்குப் போகிறது. பழைய குழியைத் திரும்பத் தோண்டும் வெட்டியான்களைக் கேளுங்கள், எது மிஞ்சியிருக்கிறது என்று சொல்வார்கள். ரோமம் கெரட்டின், ஈரமண்ணில் மாதக்கணக்கில் சிதைந்து நைட்ரஜனையும் கந்தகத்தையும் மண்ணுக்கே விடுகிறது. இறுதிச் சடங்குச் சேவைகளை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிக்கு வெளியே வைத்திருக்கிறது. சுமந்து போவதற்கு இல்லாத வரி, சுற்றும் துணிக்கு ஏன்?

இங்கிலாந்தில் 1666-லும் 1678-லும் போட்ட சட்டங்கள், பிணத்தை உள்நாட்டுக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்றன. மீறினால் 5 பவுண்டு அபராதம். 1814-இல்தான் அவை நீக்கப்பட்டன. அப்படிக் கட்டாயப்படுத்தும்படி நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. முஸ்லிம்களின் சவத்துணியான கஃபனுக்கு வெள்ளைப் பருத்தியே வழக்கம், அங்கே நமக்கு வேலையில்லை. புதைக்கும் வழக்கமுள்ள மற்றக் குடும்பங்கள் விரும்பினால் வாங்கும் விலையில் இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

வரி குறைந்தாலும் ரோமம் எங்கிருந்து வரும் என்பதுதான் நம் பெரிய கவலை. ரோமம் தரும் கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டின் பரப்பாக இனப்பதிவுகள் பழைய மதுரை மாவட்டத்தையும் சொல்கின்றன. போடி இருக்கும் இன்றைய தேனி அதிலிருந்து பிரிந்ததுதான். இன்று வேம்பூர், கச்சைகட்டி என்று ரோமமில்லாத கறி இனங்களே கண்ணில் படுகின்றன. சாண்டிநல்லாவில் நீலகிரி ஆடு, மன்னவனூரில் பாரத் மெரினோ என்று ஆராய்ச்சி மெல்லிழையின் பின்னால் போனது. தடித்த, மெடுல்லா (இழையின் நடுப்பகுதி) நிறைந்த ரோமத்தைச் சீந்துவாரில்லை. சவப்போர்வைக்கு அந்தத் தடிப்பே போதும். உடம்பில் உறுத்துமே என்ற கேள்வி அங்கே எழாது.

அதற்கும் மேலே மேய்ச்சல் சிக்கல். மேகமலை வனத்தில் மேய்ச்சல் குறித்த வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கிய செய்தி மட்டும் மலையடிவாரத்துக்கு வந்து சேரவே இல்லை. போடிப் பக்கம் முந்தலுக்கு மேலே கோட்டகுடி, குரங்கணிச் சரிவுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் இல்லை. ஆனாலும் கிடை போடும் மேய்ப்பர் அங்கே ஆட்டை ஏற்றக் கேட்டால் வாய்மொழியாக ‘இல்லை’ என்பதே பதில். எழுதித் தரும்படி கேட்டால் தருவதில்லை. எழுதாத மறுப்பை எந்த மேல்முறையீட்டில் வைப்பது? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இடம்பெயர்ந்து மேய்ப்போரின் உரிமையையும் வெளிப்படையாகவே ஏற்கிறது. சட்டம் இருக்கிறது, நீதிமன்றத்தின் திருத்தமும் இருக்கிறது. அதிகாரிகள் மட்டும் தடையின் பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் போடி மலையடிவாரத்தில் மாட்டை மலையேற்றும் போராட்டம் நடந்தது. மலைமாட்டைப் பற்றி நாளெல்லாம் பேசினார்கள். செம்மறியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு வயிறு கழுவலாம். கோடையில் அந்த ஆடு எங்கே போகும்? ஏலத்தோட்டத்துக்குள் விட மாட்டார்கள், விடச் சொல்வதும் நியாயமில்லை. சரிவும் இல்லையென்றால் பட்டியைக் குறைப்பார்கள். முதலில் விற்பது ரோமம் தரும் ஆட்டைத்தான், கறிக்காரர் அதற்குக் குறைத்துத்தான் கொடுப்பார் என்று தெரிந்தும். இந்த நட்டத்தைக் கால்நடைத் துறை கணக்கெடுத்ததில்லை. வனத்துறை தன் பொறுப்பாகவே கருதியதில்லை.

நம் கோரிக்கை இரண்டு. உள்நாட்டு ரோமத்தில் கையால் செய்த சவப்போர்வைக்கு, விலை எதுவானாலும் வரி விலக்கு. போடிச் சரிவுகளில் காப்பகத்துக்கு வெளியே உள்ள காப்புக்காடுகளில் எங்கே, எந்த மாதத்தில் மேய்க்கலாம் என்பதற்கு வனத்துறையின் எழுத்துபூர்வமான பதில். உறுப்பினர்களே, உங்கள் பட்டியின் கடைசிக் கத்தரிப்பு எடையை, விற்றது தனியாகவும் எறிந்தது தனியாகவும் எழுதி அனுப்புங்கள். ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போகும் மனுவில் அதை இணைக்கிறோம்.