மான் வேட்டையில் யார் கண்ணுக்கு மறைவது?

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முழுக்க நியூசிலாந்தின் மலைக்காடுகளில் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பு மான்கள் இணை சேரும் பருவம் அது. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் மான் நுழையக் கூடாதென்று ஒவ்வொரு ஆண் மானும் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கும். அந்நாட்டு வேட்டைக்காரர்கள் அந்தப் பருவத்தையே ‘ரோர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து இதற்காகவே காடேறுகிறவர்கள் ஏராளம். மாட்டுக்கொம்பையோ பிளாஸ்டிக் குழாயையோ வாயில் வைத்து மான் குரலில் உறுமினால், சண்டைக்கு ஆள் வந்துவிட்டதென்று நினைத்து ஆண் மான் பதிலுக்கு உறுமியபடி நெருங்கி வரும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பதில் குரல் கொடுப்பது மானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி குழாயோடு இன்னொரு வேட்டைக்காரர் நிற்கலாம். இவர் உறுமுகிறார், அவர் உறுமுகிறார். இருவருமே எதிரில் இருப்பது மான் என்று நம்பி, இலையும் சுள்ளியும் அச்சடித்த உடையில், குண்டு நிரப்பிய ரைஃபிளோடு, அடிமேல் அடி வைத்து நெருங்குகிறார்கள். புதர் அசைகிறது. பழுப்பாக ஏதோ தெரிகிறது. விரல் குதிரைமேல் போகிறது.

வேட்டைக்கு என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது என்ற பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் கடைகளிலும் விளம்பரங்களிலும் மானின் கண்ணிலிருந்து எப்படி மறைவது என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. மானுக்கு மறைய வேண்டியதுதான். அதற்காக மனிதனுக்கும் மறைந்துபோக வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. ரோர் பருவத்தில் பொதுக்காட்டுக்குள் துப்பாக்கியோடு போகும் ஒவ்வொருவரும் பளீர் ஆரஞ்சு நிறம் அணிந்தே ஆக வேண்டும் என்று நியூசிலாந்து விதி கொண்டுவர வேண்டும்.

மானைச் சுடுவதா என்று தமிழ் வாசகருக்கு நெருடலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நியூசிலாந்தின் கதை வேறு. அந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரிட்டிஷார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக மான்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1870-களில் இலங்கையிலிருந்துகூட மரைகள் போயின; தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்கிறோமே, அதே விலங்குதான். 1905-இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அன்பளிப்பாக அனுப்பிய வாப்பிட்டி மான்கள் ஃபியோர்ட்லாந்தில் இறங்கின. புலியோ ஓநாயோ இல்லாத காட்டில் மான்கூட்டம் பெருகி, மரக்கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்ந்து தீர்த்தது. 1930-இல் அரசு மான்களுக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியது. அடுத்த ஆண்டு சம்பளத்துக்கு ஆள்வைத்துச் சுடத் தொடங்கியது. இன்றும் பொதுக்காடுகளில் மான் சுட அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகவே அனுமதி தருகிறது. சுட்ட மானின் இறைச்சி வீட்டு ஃப்ரீசருக்குப் போகிறது. அந்தக் காட்டுக்கு வேட்டை வேண்டும். வேட்டைக்காரர்கள் உயிரோடு வீடு திரும்பவும் வேண்டும்.

இனி மானின் கண்ணுக்கு வருவோம். மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் ஜேக்கப்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990-களில் வெண்வால் மான், ஃபாலோ மான் ஆகியவற்றின் விழித்திரையின் மின் எதிர்வினையை அளந்து இதை நிறுவினார்கள். ஒரு வகை செல் சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்திலும் மற்றொன்று சுமார் 540-இலும் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. முதலாவது நீலம், இரண்டாவது பச்சை. சிவப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. பளீர் ஆரஞ்சின் ஒளி 600 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. நமக்குக் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் மானுக்குச் சருகோடு சருகாக மங்கிப்போகிறது.

நீலம் அப்படியல்ல. நீலத்தை மான் நம்மைவிடக் கூர்மையாகக் காண்கிறது. மனிதக் கண்வில்லை புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். மானின் கண்வில்லை அதை உள்ளே விடுகிறது. ஆகவே நீல ஜீன்ஸ் அணிந்து காட்டுக்குப் போனவர் விடியற்காலை மங்கலில் தனித்துத் தெரிவார். இதைவிட மோசம் சலவைத்தூள். ஒரு காலத்தில் நம் வீடுகளில் சொட்டு நீலம் செய்த வேலையை இப்போது தூளிலேயே கலந்துவரும் ஒளிர்விப்பான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும் சரக்கு அது. பெரும் விலை கொடுத்து வாங்கிய உருமறைப்புச் சட்டையை அந்தத் தூளில் ஊறவைத்துத் துவைத்தால், மானிடமிருந்து மறைவதற்காகக் கொடுத்த காசு அந்த வாளித் தண்ணீரோடு போயிற்று.

அந்தச் சட்டையில் இலையின் நரம்புவரை அச்சடித்திருப்பார்கள். 1980 வாக்கில் வர்ஜீனியாவின் ஜிம் க்ரம்லி மரப்பட்டை வரிகளைத் துணியில் கொண்டுவந்தார். 1986-இல் பில் ஜோர்டன் ‘ரியல்ட்ரீ’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதிலிருந்து புகைப்படம்போன்ற அச்சு பெரிய வணிகமாகிவிட்டது. மானின் பார்வை மங்கலான ஒளியில் நன்றாக வேலை செய்யும். பக்கவாட்டில் வெகுதூரம் சுற்றி வளைத்துப் பார்க்கும். சின்ன அசைவைக்கூடத் தவற விடாது. நுணுக்கம் மட்டும் அதற்கு வராது. நாம் தெளிவாகக் காணும் இலை அதற்குக் கலங்கிய திட்டு. எனவே உடையில் வேண்டியது உடம்பின் கோட்டை உடைக்கிற பெரிய வெளிர்த்திட்டுகளும் கருந்திட்டுகளும்தான். அந்தத் திட்டுகள் ஆரஞ்சிலும் இருக்கலாம். ஆரஞ்சுப் பின்னணியில் கறுப்புத் திட்டுகள் போட்ட சட்டைகள் நியூசிலாந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

உண்மையில் வேட்டைக்காரரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சட்டையே இல்லை. வெளிறிய முகமும், பேசும்போது ஆடும் கையும், அவசரத்தில் திரும்பும் தலையும்தான். மெல்லிய கையுறையும் முகத்தை மறைக்கும் வலைத்துணியும் விலை உயர்ந்த சட்டையைவிட அதிகம் உதவும். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. மனித வாடை மான் இருக்கும் திசைக்குப் போய்விட்டால் எந்த அச்சும் காப்பாற்றாது. அனுபவசாலிகள் சட்டைப்பையில் ஒரு சின்னக் குப்பியில் முகப்பவுடர் வைத்திருப்பார்கள். நான்கு எட்டு வைப்பதும், குப்பியை ஒருமுறை அமுக்கிப் பவுடர் எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்ப்பதுமாக நடப்பார்கள். வெயிலேற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். பொழுது சாயக் குளிர்ந்து கீழே இறங்கும். அதைக் கணக்கிட்டுக் காலையில் எந்த மேட்டில், மாலையில் எந்தப் பள்ளத்தில் நடப்பதென்று முடிவு செய்கிறவருக்கே மான் கிடைக்கிறது.

துணி விஷயத்தில் நியூசிலாந்துக்காரர்களின் பழைய அறிவு இன்றும் செல்லுபடியாகிறது. 1913-இல் டாரனாகியில் பிறந்த ‘ஸ்வான்ட்ரி’ கம்பளிச் சட்டையைப் பண்ணையாட்களும் வேட்டைக்காரர்களும் தலைமுறைகளாக அணிகிறார்கள். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். சுள்ளியில் உரசினால் சரசரக்காது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழையும் ஓடையுமான அந்தக் காட்டில் அது உயிருக்கே உலை. நீளமான உள்காற்சட்டைக்கு மேலே அரைக்கால்சட்டை போட்டு நடப்பது அங்கே பழக்கம். வெளியாருக்கு விசித்திரமாகப்படும், ஆனால் ஓடையைக் கடந்து ஏறியதும் சீக்கிரம் காய்ந்துவிடும். ‘சப்ளஜாக்’ கொடி காலைப் பின்னும். ‘புஷ் லாயர்’ முட்கொடி பிடித்தால் விடாது. அதனால் கெண்டைக்காலுக்குக் கனமான உறை வேண்டும். கைபேசி எடுக்காத காடு என்பதால், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சொல்லும் சிறு அவசரக் கருவியை ஆளுக்கொன்று வைத்திருப்பது நல்லது.

துப்பாக்கிக்கு மேலே பொருத்தும் ஸ்கோப்பில்தான் பலரும் தவறான தேர்வு செய்கிறார்கள். அடர்காட்டில் மான் தெரிவதே முப்பது, நாற்பது மீட்டரில். அங்கே பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் வட்டம் முழுக்கப் பழுப்பு நிறம் மட்டும் நிறையும். அது மானின் தோளா, மனிதனின் முதுகா, சாய்ந்த மரமா என்று தெரியாது. காட்டுக்குக் குறைந்த பெருக்கமே சரி. அதைவிட முக்கியம், தேடுவதற்கும் உறுதி செய்வதற்கும் பைனாகுலர் தனியே கழுத்தில் தொங்க வேண்டும். ஸ்கோப்பால் ஒன்றைப் பார்க்கிறோம் என்றால் குழலையும் அதன்மேல் நீட்டியாயிற்று. அது மனிதனாக இருந்தால்?

இருந்திருக்கிறது. 2010 அக்டோபரில் கைமானாவா வனப்பகுதி முகாமில் 25 வயது ஆசிரியை ஒருவர் இரவில் நெற்றி விளக்கோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார். வண்டியில் வந்து விளக்கடித்து வேட்டையாடிய கும்பலில் ஒருவர் அந்த வெளிச்சத்தை மானின் கண் என்று நினைத்துச் சுட்டார். ஆசிரியை இறந்தார், சுட்டவர் சிறை சென்றார். பொதுக்காட்டில் விளக்கடித்துச் சுடுவது அங்கே ஏற்கெனவே தடை செய்யப்பட்டது. அந்த ஆசிரியை வேட்டைக்கே வராதவர். ஆனால் மானென்று நினைத்து மனிதரைச் சுட்ட பல சம்பவங்களில் சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒன்றாகக் காடேறியவர்கள்; நண்பர்கள், சொந்தக்காரர்கள். காலையில் சேர்ந்து தேநீர் குடித்து, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாமல் போகும்போதுதான் அது நடக்கிறது. கூட வந்தவர் கண்ணிலிருந்து மறைந்தால் அவரோடு மறுபடி தொடர்பு கிடைக்கும்வரை வேட்டையை நிறுத்து என்று அந்நாட்டு மலைப் பாதுகாப்புக் குழு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

துப்பாக்கி உரிமம் வாங்கும் ஒவ்வொரு நியூசிலாந்துக்காரரும் ஏழு விதிகளை மனப்பாடம் செய்கிறார். நான்காவது விதி, எள்ளளவும் சந்தேகமில்லாமல் இலக்கை அடையாளம் காண். ஆரஞ்சைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பவர்கள் இந்த விதியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆரஞ்சு தெரியவில்லை, அப்படியானால் மான்தான் என்று சுடுகிறவர் சோம்பேறியாகிவிடுவார், நிறம் அணியாத மலையேறிகள் இன்னும் ஆபத்தில் விழுவார்கள் என்பது அவர்கள் வாதம். ஆண்களில் கணிசமானோருக்கு, ஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு, சிவப்பு–பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் அவை நான்காவது விதி ஏன் வேண்டும் என்பதைத்தான் விளக்குகின்றன. ஆரஞ்சு ஏன் வேண்டாம் என்பதை விளக்கவில்லை. பல மணி நேரம் எதிர்பார்த்துக் களைத்த மனம், குரலைக் கேட்ட மாத்திரத்தில் கொம்பையும் கழுத்தையும் தானே வரைந்துகொள்கிறது. அந்த மனக்காட்சியைக் கலைக்க ஒரு முரண் வேண்டும். நியூசிலாந்துக் காடு ஏறக்குறைய முழுக்கவும் பசுமை மாறாதது; இலையுதிர் காலத்து ஆரஞ்சு அங்கே பரவிக் கிடப்பதில்லை. பச்சைக்கு நடுவே அந்த நிறம் பளிச்சென்றால் விரல் தயங்கும். நிறக்குறை உள்ளவருக்கும் அதன் வெளிச்சம் ஓரளவு உதவும். போதாதென்றால் இளஞ்சிவப்பையும் அனுமதிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2016-இல் அதைச் செய்தது. அங்கே துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவரின் இடுப்புக்கு மேற்பட்ட வெளியுடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சிலோ இளஞ்சிவப்பிலோ இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஏதோ ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. அதனால் அங்கே மான் கிடைக்காமல் யாரும் வேட்டையை விட்டுவிடவில்லை.

நியூசிலாந்தில் இன்றுவரை இது அறிவுரையாகவே இருக்கிறது. கேட்கிறவர் கேட்கிறார், மற்றவர் இலை அச்சுச் சட்டையோடு போகிறார். பக்கத்துப் பள்ளத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாத பொதுக்காட்டில் இதை அவரவர் விருப்பத்துக்கு விட முடியாது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டில் மார்ச் 15 முதல் ஏப்ரல் 30 வரை ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: தலையில் ஆரஞ்சுத் தொப்பி, மேலுடம்பில் முன்னும் பின்னும் தெரியும்படி ஆரஞ்சு. திட்டுகள் போட்டதாகவும் இருக்கலாம். முதுகுப்பையும் அதே நிறத்தில் இருக்க வேண்டும். பை மாட்டியதும் சட்டை மறைந்துவிடுகிறது, குனிந்து புதருக்குள் நுழையும்போது வெளியே தெரிவது பை மட்டும்தான். சுட்ட மானைத் தோளில் சுமந்து இறங்குகிறவர் அதன்மேலும் ஆரஞ்சுத் துணி கட்ட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் பார்வைக்கு மானாகவே இருக்கிறார். ஐந்து பருவங்கள் இதை நடத்திப் பார்க்கட்டும். காவல்துறையிடமும் மலைப் பாதுகாப்புக் குழுவிடமும் உள்ள விபத்துப் பதிவுகளை முன்பின் ஒப்பிட்டு, அதன்பிறகு நிரந்தரமாக்கலாம்.